பூண்டுக்கு ஒரு நுவரெலியா

கண்டியில் எதை ஊன்றினாலும் தழைக்கும். வேலிக்கு நட்ட கிளிரிசீடியாக் கம்பு மரமாகி, அதில் மிளகுக்கொடி ஏறி, நாம் சும்மா இருக்கும்போதே நம்மைத் தோட்டக்காரர் ஆக்கிவிடும். பலா, கமுகு, கராம்பு, சாதிக்காய், கோப்பி என்று அடுக்கடுக்காய் வளரும் கண்டி வீட்டுத் தோட்டங்களைப் பற்றி வெளிநாட்டுப் பேராசிரியர்கள் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறார்கள். எங்கள் வீட்டு அம்மாவோ பூண்டு கேட்டார். மார்க்கட்டில் விலை கேட்டு வந்த சூடு.

இலங்கையர் தின்னும் பூண்டில் பெரும்பகுதி சீனாவிலிருந்து கப்பலேறி வருவது. அதனாலென்ன, தேயிலையும் சீனாச் சரக்குத்தானே? 1824இல் பேராதனைப் பூங்காவில் கொண்டுவந்து வைத்தார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கர் நட்டார். பிறகு மலை முழுக்க அதுதான். கொழுந்து பறிக்க எங்கள் பாட்டி, பூட்டிகளையும் கடல் தாண்ட வைத்தது.

பூண்டு அப்படி ஒட்டிக்கொள்ளும் சாதியில்லை. ஷாண்டோங் மாகாணத்து ஜின்ஷியாங்கில் அதை இலையுதிர் காலத்தில் ஊன்றி, பனிக்காலம் முழுக்க விறைக்கவிட்டு, வெயில் ஏறியபின் பிடுங்குகிறார்கள். அந்த நடுக்கம் இருந்தால்தான் கிழங்கு பல் பல்லாகப் பிரியும். நீண்ட பகலும் வேண்டும். கண்டியோ ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். மார்கழியில் எங்கள் தெருப் பெரியவர்கள் குரங்குக் குல்லாவோடு திரிவதைப் பூண்டு குளிராக ஒப்புக்கொள்வதில்லை. பகலும் வருஷம் முழுக்கப் பன்னிரண்டு மணித்தியாலம். கூடினாலும் குறைந்தாலும் ஏறத்தாழ அரை மணிதான்.

வழி ஒன்று உண்டு: நடுமுன் பூண்டைச் சில வாரம் ஃபிரிட்ஜில் வைப்பது. கொழும்புக்காரர் ஏப்ரலில் நுவரெலியா போவதுபோல எங்கள் பூண்டு கீழ்த்தட்டுக்குப் போனது. தயிர்ச்சட்டி, வட்டிலாப்பம், பிள்ளைகளின் சொக்லட் எல்லாவற்றிலும் ரச வாசம். "அடுத்த முறை பூண்டு வெளியில இருக்கட்டும், நீங்க உள்ளுக்குப் போய் இருங்க" என்றார் கேட்டவரே.

மேட்டுப் பாத்தி, மணல் கலந்த மண், சாணிப்பசளை. ஐப்பசி மழை விடாமல் கொட்டியதில் கொஞ்சம் அழுகியது. மிஞ்சியது கொழுகொழுவென்று இலை விட்டது. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெரியவர் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "மாத்தயா, நல்ல புல்லு. மாடு வாங்கப்போறீங்களா?" என்றார்.

உடவத்தகெலே காட்டுக் குரங்குகளும் வந்தன. ஒரு கிழட்டுக் குரங்கு செடியொன்றைப் பிடுங்கி, மண்ணை உதறி, நுனியைக் கடித்தது. கண்ணை இறுக்கி மூடியது. தூவென்று துப்பி, கையைக் கமுக மரத்தில் தேய்த்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தது. அன்றுமுதல் பக்கத்துப் பாத்தித் தக்காளிதான் அதற்குச் சாப்பாடு. பூண்டைத் தொடுவதேயில்லை. காவல் போட்ட பயிர் போக, கேட்பாரற்ற பயிர் நின்றது.

பிடுங்கிப் பார்த்தால், சின்ன வெங்காயமளவில் உருண்டை உருண்டையாக, பல் பிரியாத ஒற்றைப் பூண்டு. குளிர் போதவில்லை என்று அர்த்தம். இலையை நறுக்கித் தேங்காய்ப்பூவும் தேசிக்காயும் சேர்த்துச் சம்பல் போட்டாயிற்று. ருசிக்குக் குறைவில்லை.

கம்பளையிலிருந்து வந்த அத்தை உருண்டைகளைக் கண்டதும் கும்பிடாத குறை. "ஐயோ தம்பி, ஒத்தப் பூண்டு! பிரஷருக்கு இதவிட மருந்து ஏது? கடையில ஆன விலை சொல்லுவானே!" முந்தானையில் முடிந்துகொண்டு, அடுத்த போகத்துக்கும் இப்போதே சொல்லிவைத்துவிட்டுப் போனார். ஃபிரிட்ஜைக் காலிபண்ணச் சொல்லி வீட்டு அம்மாவிடம் யார் கேட்பது என்பதுதான் இப்போது பிரச்சினை.