ஒரிஜினல் கலர்

பர்ஸில் பிள்ளைகளின் போட்டோ வைக்கும் இடத்தில், பழைய பிரீமியர் பத்மினி காரைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் நம் பத்மினிக்காரர் ஒரு ரெக்சின் துண்டு வைத்திருப்பார். தீப்பெட்டி அளவுதான். காரின் பின்சீட்டுக்கு அடியில், வருஷக்கணக்காக வெயில் படாமல் மடிந்து கிடந்த ஓரத்தைப் பிளேடால் அறுத்தெடுத்தது. "இதுதான் சார் ஒரிஜினல் கலர். பம்பாய் குர்லா ஃபேக்டரியிலேர்ந்து இப்படித்தான் வெளிய வந்துச்சு" என்பார். அது மெரூனா, செங்கல் நிறமா என்பது அந்த நேரத்து வெளிச்சத்தைப் பொறுத்தது.

வண்டியில் மற்ற எல்லா வேலையும் முடிந்துவிட்டது. 1089 சிசி எஞ்சின் ஒரே செல்ஃபில் எடுக்கிறது. டிங்கரிங் ஆயிற்று, பெயின்ட் ஆயிற்று, நிக்கல் பம்பரில் முகம் பார்த்துத் தலை வாரலாம். "இன்டீரியர் மட்டும்தான் பாக்கி" என்று மூன்று தீபாவளியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பாக்கிக்குக் காரணம் அந்தத் துண்டு. சென்னை ஜி.பி. ரோட்டில் சீட் கவர் கடைக்காரர்கள் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே பையனிடம் "ரோலை எல்லாம் இறக்காதே" என்று சொல்லிவிடுவார்கள். அவர் விடமாட்டார். ரோலை விரிக்கச் சொல்லி, துண்டை அதன்மேல் வைத்து, டியூப்லைட்டில் ஒரு தடவை பார்ப்பார். பிறகு ரோலோடு பிளாட்பாரத்துக்கு வந்து வெயிலில் ஒரு தடவை. பிறகு தன் நிழல் விழும்படி திரும்பி நின்று இன்னொரு தடவை. "கலர் ஓகே. கிரெய்ன் வேற" என்பார். அடுத்த கடையில் கிரெய்ன் சரி, கலர் உதைக்கும். இரண்டும் சேர்ந்த கடையில் பளபளப்பு அதிகம்.

கடையோடு நின்றால் பரவாயில்லை. கல்யாண மண்டபத்து சோபா, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி, மாநகரப் பேருந்தின் சீட் என்று எதன்மேலும் அந்தத் துண்டு ஏறும். பல்லைப் பிடுங்க வாயைத் திறக்கச் சொன்னால் "இந்த ரெக்சின் எங்க டாக்டர் வாங்கினீங்க?" என்பார். வீட்டம்மாவுக்கு இதில்தான் ஆத்திரம். "நான் ஒரு புடவைக்கு மேட்ச்சா பிளவுஸ் பிட் எடுக்க தி.நகர்ல ரெண்டாவது கடை ஏறினா வாசல்லயே நின்னு முணுமுணுப்பாரு. இப்ப பாருங்க!"

வேடிக்கை என்னவென்றால், அந்தத் துண்டே இப்போது ஒரிஜினல் இல்லை. ரெக்சினை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய்ப் பசை வருஷம் ஏற ஏற வெளியேறும். வெயில் படாவிட்டாலும் இறுகும், நிறம் மங்கும். போதாக்குறைக்கு பர்ஸில் ரூபாய் நோட்டும் வியர்வையும் உரசி அதற்குத் தனியாக ஒரு சாயம் ஏறியிருக்கிறது. இது குஷன் வேலை பார்க்கும் பாய்க்கு முதல் நாளே தெரியும். அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் ஒரு மணி நேரம் நின்று கேட்டிருக்க வேண்டும்.

அரசாங்கம்கூட இவ்வளவு கெடுபிடி செய்யவில்லை. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது தாண்டிய கார் 'விஏ' எழுத்தோடு விண்டேஜ் பதிவு பெறலாம். சேஸி, பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் கூடாது, அவ்வளவுதான். சீட்டின் நிறத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. "அதான் சார் தப்பு" என்கிறார் இவர்.

சரித்திரம் கேட்டால் அருவியாகக் கொட்டும். பிரதமராக இருந்த சாஸ்திரி பஞ்சாப் நேஷனல் பேங்கில் 5,000 ரூபாய் கடன் வாங்கி, பத்மினிக்கு முன்னோடியான ஃபியட் வாங்கியது, அவர் மறைந்த பிறகு மனைவி லலிதா அம்மையார் பென்ஷனிலிருந்து அந்தக் கடனை அடைத்தது எல்லாம் கண் கலங்க வரும். 2023 அக்டோபரில் மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி ஓய்வு பெற்றபோது அன்றைக்கு டிபனே வேண்டாம் என்றுவிட்டார்.

முன்பக்க பெஞ்ச் சீட் இப்போது வீட்டு ஹாலில் இருக்கிறது. மேலே பெட்ஷீட் விரித்திருப்பதால் வந்தவர்கள் திவான் என்று நினைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். சாயங்காலத்தில் அவர் சீட்டில்லாத காருக்குள் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கியரை ஒன்று, இரண்டு, மூன்று என்று சும்மா மாற்றிப் பார்ப்பார். அப்போது கூப்பிட மனசு வராது. கதவுக் கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் டோர் பேடின் ஹார்ட்போர்டை ஊறவைத்துவிடும் என்று உள்ளே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, கதவின் அடி ஓட்டைகளைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்து வைத்திருக்கிறார். இதை இப்போது எத்தனை பேர் செய்கிறார்கள்?

ஆனால் ரூஃப் லைனிங் விஷயத்தில் அவரை மன்னிக்க முடியாது. இந்த வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் லைனிங், பிறகு கண்ணாடி, கடைசியில் சீட். லைனிங் துணியின் ஓரத்தை இழுத்து ஒட்டிய பிறகு அதன்மேல்தான் கண்ணாடியின் ரப்பர் பீடிங் உட்கார வேண்டும். இவரோ ஆயுத பூஜைக்கு வண்டியை ஒரு சுற்று எடுக்க வேண்டும் என்று முன்கண்ணாடியை முந்தியே மாட்டிவிட்டார். பாய் வந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் பீடிங்கை நெம்பிக் கண்ணாடியைக் கழற்றினார். துணியின் பின்னால் தைத்த பட்டைகளுக்குள் வளைகம்பிகளை ஒவ்வொன்றாகச் செருகி, கூரையில் மாட்டி, துணி வெயிலில் கொஞ்சம் இளகும்வரை காத்திருந்து, முன்னும் பின்னும் மாறி மாறி இழுத்து, சொல்யூஷன் போட்டு ஒட்டினார். கழுத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டே ஒரு நாள் முழுக்கச் செய்யும் வேலை. முடிந்ததும் பத்மினிக்காரர் டார்ச் அடித்துப் பார்த்து, "பின்னாடி மூலையில ஒரு சுருக்கம் இருக்கே பாய்" என்றார். பிரித்தாயிற்று.

சீட்டிலும் இதே கதை. பைப்பிங் அரை விரல் தள்ளிப் போயிற்று என்று, ஒரிஜினல் கலர் கிடைக்கும்வரை ஒப்புக்குத் தைத்த உறையைப் பிரிக்கச் சொன்னார். ரெக்சினில் ஊசி இறங்கிய ஓட்டை இறங்கியதுதான். துணி மாதிரி நீவிவிட்டால் மறையாது. அந்தப் பாகமே வீண், புதிதாக வெட்ட வேண்டும். அந்த ரெக்சின் காசை பாயின் கணக்கில் கழித்துக்கொண்டார். பிரித்துத் திரும்பத் தைத்த நாட்களுக்குக் கூலி என்ற பேச்சே எழவில்லை. பெயின்ட் அடித்தவருக்கு ரொக்கம், எஞ்சின் மெக்கானிக்குக் கேட்ட பணம், புதுப்பேட்டையில் ஒரு கைப்பிடிக்குச் சொன்ன விலை. ஊசி பிடிப்பவரிடம் மட்டும் "முழுசா முடியட்டும் பாய், செட்டில் பண்ணிடலாம்." கடனை அடைத்த லலிதா அம்மையாரின் கதையை இதே பாயிடம்தான் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்.

ஐயா, கலர் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கட்டும். தைத்ததற்கும் கூலி உண்டு, பிரித்ததற்கும் கூலி உண்டு. இந்த மாதத்துக்குள் பாய் கணக்கை முடித்துவிடுங்கள்.