ஆறு முதலில், படம் பிறகு

சுற்றுச்சூழல் திரைப்பட விழா என்றால் ஒரு நடைமுறை உண்டு. குளிர்சாதன அரங்கு, உருகும் பனிப்பாறை, இடைவேளையில் பிளாஸ்டிக் கோப்பையில் காபி, கடைசியில் கையெழுத்து இயக்கம். கையெழுத்துப் போடக் கொடுத்த பேனாவும் திரும்பி வராது.

கலிபோர்னியாவில் சுமார் 3,000 பேர் வாழும் நெவாடா சிட்டிக்காரர்களுக்கு இந்த வரிசை பிடிபடவில்லை, பாவம். தங்கத்துக்காக நீரைப் பீரங்கிபோல் பீய்ச்சி மலையையே கரைத்த வட்டாரம் அது. சேறெல்லாம் யூபா ஆற்றில் இறங்க, கீழ்ப்பகுதியில் நிலம் வைத்திருந்தவர் வழக்குப் போட, 1884இல் நீதிமன்றம் போதும் என்றது. ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 1983இல், தெற்கு யூபாவில் புது அணைகள் வரக்கூடாது என்று ஊர்க்காரர்கள் சங்கம் வைத்தார்கள். படமில்லை, பாப்கார்னும் இல்லை. மனு, கூட்டம், மறுபடி மனு. 1999இல் மாநிலச் சட்டம் ஆற்றின் 39 மைல் நீளத்துக்குக் காவல் போட்டது. அவர்களுடைய சுற்றுச்சூழல் திரைப்பட விழா பிறந்தது அதற்கும் பிறகு, 2003இல். அந்தச் சட்டம் ஆற்றுக்குத் தந்த தகுதியின் பெயரையே சூட்டிவிட்டார்கள்: வைல்ட் அண்ட் சீனிக். ஜெயித்துவிட்டுப் பந்தல் போடுகிற பழைய பழக்கம்!

குறை சொல்லாமல் விடலாமா? குளிர்காலத்தில் மலைப்பாதையில் கார் ஏறி வந்துதான் கார்பன் புகை பற்றிப் படம் பார்க்கிறார்கள். விழாப் படங்கள் வெளியூர்களுக்கும் சுற்றுப்பயணம் போகின்றன. உள்ளூர் அமைப்புகள் அவற்றைத் திரையிட்டு நிதி திரட்டலாம். ஆற்றை மட்டும் அனுப்பி வைக்க மாட்டார்களாம்.