90 நாள் ஞாபகம்

புனேயின் ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை, வாரத்தில் ஒரு நாள் மும்பையில் கிளையன்ட் தரிசனம். அன்றைக்குக் காலை 7.15 டெக்கான் குயீனில் நம்மவர் ஏறும்போது போனில் நாலைந்து நீளமான கட்டுரைகள் திறந்திருக்கும். எல்லாம் புனே ஸ்டேஷன் இலவச வைஃபையின் உபயம். 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் கூகுளும் ரயில்வேயின் ரயில்டெல்லும் சேர்ந்து தொடங்கி, சில மாதங்களில் புனேக்கும் கொண்டுவந்த ஏற்பாடு அது. 2020-ல் கூகுள் விலகிக்கொள்வதாகச் சொன்னது, ரயில்டெல் விடவில்லை. ஓசியில் கிடைப்பதை நம்மவரும் விடவில்லை.

லோணாவளா தாண்டியதும் வண்டி மலையிறங்கும். 1863-ல் வெள்ளைக்காரன் போட்ட போர் காட் பாதை. ஒரு குகை முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது. டைனிங் கார் ஆம்லெட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் கட்டுரையைத் தொட்டால், கட்டுரை இருந்த இடத்தில் ஒரு டைனோசர் நிற்கிறது.

திறந்து வைத்த பக்கமெல்லாம் போனுக்குள் குடிவந்துவிட்டதாக நினைப்பது நம் மக்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஆனால் போனில் மெமரி குறைந்தால் பின்னால் கிடக்கும் டேப்களை க்ரோம் சத்தமில்லாமல் காலி செய்துவிடும். திரும்பப் போய்த் தொடும்போது மறுபடி நெட்டிலிருந்து இழுக்கப் பார்க்கும். குகைக்குள் எதை இழுப்பது? நெட் இருக்கும்போதே, மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டால் கீழ்நோக்கிய அம்புக்குறி ஒன்று தெரியும். அதை அழுத்தினால் பக்கம் மொத்தமாக இறங்கி டவுன்லோட்ஸில் உட்கார்ந்துகொள்ளும். ஆண்ட்ராய்டு க்ரோமில் 2016 டிசம்பரிலேயே வந்த வசதி. நம்மவரும் அந்த மூன்று புள்ளியைத் தினமும் தொடுகிறவர்தான். ஆனால் அவர் கை நேராக ஹிஸ்டரியை அழிக்கும் இடத்துக்குத்தான் போகும்.

டைனோசரைக் குறைசொல்ல முடியாது. நெட் இல்லாதபோது க்ரோம் காட்டும் அந்த டைனோசர் ஆட்டம் 2014-ல் பிறந்தது; 2018-ல் கூகுள் சொன்ன கணக்குப்படி மாதம் 27 கோடி முறை ஆடப்பட்டது. நெட் சரியில்லாத, டேட்டா விலை கூடிய நாடுகளில்தான் ஆட்டம் அதிகம் என்று சொல்லி, இந்தியாவின் பெயரையும் சேர்த்திருந்தார்கள். முழுசாக ஆடி முடிக்க 1.7 கோடி வருஷம் ஆகுமாம். வண்டி மலையிறங்கி கர்ஜத் ஸ்டேஷன் சேர்வதற்குள் முடியாது. ஆபீஸ் லேப்டாப்பில் நிர்வாகம் ஆட்டத்தை முடக்கிவைத்தால், அதே டைனோசர் தன் மேல் விழ வரும் விண்கல்லை அண்ணாந்து பார்த்தபடி நிற்கும். இதை வரைந்தவர் எங்கோ கார்ப்பரேட் வேலை பார்த்து நொந்தவராக இருக்க வேண்டும்.

சரி, ஹிஸ்டரியில் அழிக்க அப்படி என்ன இருக்கிறது? தப்பாக எதுவும் இல்லை. ஒருநாள் பதினோரு பேர் இருந்த வீடியோ காலில் நம்மவர் ஸ்கிரீன் ஷேர் செய்தார். மீட்டிங் நோட்ஸைத் திறக்க "நோட்" வரை தட்டியிருப்பார். மீதியை பிரவுசரே அன்போடு நிரப்பியது: "நோட்டீஸ் பீரியடைக் குறைப்பது எப்படி?"

மேனேஜர் மராட்டிக்காரர், மரியாதை தெரிந்தவர். தொண்டையை மட்டும் செருமினார்.

க்ரோமின் ஹிஸ்டரிப் பக்கம் 90 நாள் வரைதான் காட்டும். ஐ.டி. கம்பெனிகள் பலவற்றில் நோட்டீஸ் பீரியடும் அதே 90 நாள். வேலையை விட நினைத்துத் தேடிய முதல் நாளின் தடம் மறைவதற்கும், ஆளை விடுவிப்பதற்கும் ஒரே அவகாசம்! கூகுள் கணக்கில் சேரும் தேடல்களுக்கோ ஆயுள் இன்னும் கெட்டி. 2020 ஜூன் முதல் புதுக் கணக்குகளில் 18 மாதம் கழித்துத் தானாக அழியும். பழைய கணக்குக்காரர்கள் தாங்களே போய் அந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும்.

நம்மவர் அடுத்து க்ரோமின் இன்காக்னிட்டோவுக்குத் தாவினார். தொப்பியும் கண்ணாடியும் போட்ட அந்த உருவத்தைப் பார்த்தாலே ஒரு தைரியம். அதன் கீழே எழுதியிருப்பதை யார் படிக்கிறார்கள்? நீங்கள் பார்ப்பது வேலை கொடுத்தவருக்குத் தெரியலாம் என்று அந்தப் பக்கமே சொல்கிறது. இந்த இன்காக்னிட்டோ விஷயமாக அமெரிக்காவில் 2020-ல் தொடுத்த வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024-ல் கூகுள் ஒப்புக்கொண்டது. ஆபீஸ் நெட்வொர்க்கில் உட்கார்ந்துகொண்டு முகமூடி போடுகிறவரை எந்தக் கோர்ட் காப்பாற்றும்?

கடைசியில் நம்மவர் ஹிஸ்டரி, குக்கீ, கேஷ் எல்லாவற்றையும் "ஆல் டைம்" போட்டுத் துடைத்தார். டவுன்லோட் ஹிஸ்டரியையும் விடவில்லை. அங்கே அழிவது பட்டியல் மட்டும். இறக்கிய ஃபைல்கள் ஃபோல்டரில் அப்படியே இருக்கும். அடுத்த வாரக் காலில் நெஞ்சை நிமிர்த்தி ஸ்கிரீன் ஷேர் செய்தார். எந்த எழுத்தைத் தட்டினாலும் பிரவுசர் பச்சைக் குழந்தைபோல விழித்தது. "அந்த ரிப்போர்ட்டை அட்டாச் பண்ணிடுங்க" என்றார் மேனேஜர். பண்ணப் போனார். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் திரை முழுக்க விரிந்தது: ரெஸ்யூம் ஃபைனல், ரெஸ்யூம் ஃபைனல் (1), ரெஸ்யூம் ஃபைனல் (2)... (6) வரை.

காலில் ஒரே நிசப்தம். சாட்டில் மட்டும் மதுரைக்கார ஜூனியர் தனியாகத் தட்டியிருந்தான்: "அண்ணே, ஆறாவதை எனக்கும் அனுப்புங்க. ஃபார்மேட் வேணும்."