ஆறு மணி பேட்ச் ஃபுல் சார்

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸ் மீட்டிங்கின் நடுவே ஒரு போன். முதல் வாக்கியம் இங்கிலீஷ், அடுத்தது இந்தி, 'ஹலோ' சொன்ன தினுசிலேயே ஆசாமியின் ஊர் தெரிந்துவிட்டதால் மூன்றாவது தமிழ்.

"சார், ஃப்ரீ டிரையல் கிளாஸுக்கு ரெஜிஸ்டர் பண்ணியிருந்தீங்கல்ல?"

பண்ணியது வாஸ்தவம். இக்கட்டுரையாளர் ஜெயநகர்வாசி, ஐம்பதைத் தாண்டியவர், முதுகெலும்பின் அடிப்பகுதியில் எல்-4க்கும் எல்-5க்கும் நடுவே ஒரு தகராறு இருப்பவர். டாக்டர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே "யோகா பண்ணுங்க" என்றார். எந்த யோகா, எங்கே, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் கன்சல்டேஷன் ஃபீஸில் அடங்காது போலிருக்கிறது.

"காலையில ஆறு மணிக்கு இருக்காம்மா?"

"ஆறு மணி பேட்ச் ஃபுல் சார். பதினோரு மணிக்கு ஸ்லாட் இருக்கு."

"பதினோரு மணிக்கு வேலை வெட்டியை விட்டுட்டு யார் வருவாங்க?"

"அதனாலதான் சார் ஸ்லாட் இருக்கு."

பதில் சொல்ல முடியாத நியாயம். அடுத்து அந்தப் பெண் வருஷ பேக்கேஜுக்கு வந்தார். இரண்டு மாதம் இலவசம், ஆனால் சலுகை இன்று ராத்திரி பன்னிரண்டு மணி வரைதான். இதே சலுகை உகாதி அன்றும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முடிந்தது. சுதந்திர தினத்தன்றும் முடிந்தது. ஆயுத பூஜைக்கும் முடியும். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு ஜிம், ஒரு ஜும்பா, ஒரு கீட்டோ சாப்பாட்டுக்காரர் என்று வரிசையாக அழைப்புகள். கடைசியாக வந்தவர் தலைமுடி நடுகிறவர். இடுப்பு வலி என்று ஒரு படிவத்தில் எழுதியதற்கும் வழுக்கைக்கும் என்ன சம்பந்தம், அதை யார் அவரிடம் சொன்னது என்று விசாரித்தால் லைன் கட்டாகிவிடுகிறது.

இருக்கட்டும். பெங்களூரில் எந்த யோகா வகுப்பில் சேரலாம் என்பதை இந்தக் கட்டுரை முடிவதற்குள் தெளிவாகச் சொல்லிவிடுவதாக உத்தேசம்.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. உலகம் முழுக்க இன்று யோகா என்ற பெயரில் குனிந்து நிமிர்கிறார்களே, அதில் பெரும்பங்கு இந்த ஊரைச் சுற்றியிருக்கும் மாவட்டங்களின் கைங்கரியம். திருமலை கிருஷ்ணமாச்சாரியார் 1888இல் பிறந்தது சித்ரதுர்கா பக்கம் முசுகுந்தபுரத்தில். அவர் சீடர் பட்டாபி ஜோயிஸ் 1915இல் ஹாசன் பக்கம் கௌஷிகாவில். இன்னொரு சீடர் பி.கே.எஸ். ஐயங்கார் 1918இல் கோலார் பக்கம் பெள்ளூரில். மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் 1930களில் ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தினார். ஐயங்காருக்கு அவர் அக்கா வீட்டுக்காரர். தமிழ் ஐயங்கார் வீட்டில் சொல்வதென்றால் அத்திம்பேர்.

மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று சின்ன வயதில் ஐயங்காருக்கு வராத சீக்கு இல்லை. அவருக்கு டிரையல் கிளாஸ் கொடுத்தவர் யாருமில்லை. அத்திம்பேர் செய் என்றால் செய்ய வேண்டும். ஒருநாள் விருந்தினர் முன்னிலையில் ஹனுமானாசனம் செய்து காட்டச் சொல்ல, பழக்கமில்லாத பையன் செய்து காட்டித் தொடைத் தசைநாரைக் கிழித்துக்கொண்டதாக ஐயங்காரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். இன்றைக்கென்றால் கூகுளில் ஒற்றை நட்சத்திரம் விழுந்திருக்கும்.

அதன்பின் ஆளாளுக்கு ஒரு திசை. ஐயங்கார் 1937இல் புனே போனார். கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்குக் குடிபெயர்ந்து, நூறு வயதைத் தாண்டி 1989இல் அங்கேயே காலமானார். ஜோயிஸ் மைசூரிலேயே தங்க, வெள்ளைக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். மைசூரில் கற்றுக்கொண்ட ரிகா நகரத்துப் பெண்மணி இந்திரா தேவி 1940களின் கடைசியில் ஹாலிவுட்டில் போய்ப் பள்ளி திறந்தார். ஹாலிவுட் வரை போன வித்தை, நடுவில் இருக்கும் பெங்களூரில் மட்டும் நிற்கவில்லை. இங்கே பார்க்கிங் கிடைக்காது என்று அப்போதே யாருக்கோ தெரிந்திருக்கிறது.

இப்போது அது திரும்பி வந்திருக்கிறது, விலைப்பட்டியலோடு. இந்திராநகரில் 'மைசூர் ஸ்டைல்' என்று போர்டு. சொல்லிக்கொடுப்பவர் கையில் அமெரிக்காவின் யோகா அலையன்ஸ் வகுத்த இருநூறு மணி நேரக் கணக்குப்படியான சர்ட்டிஃபிகேட். மைசூர் அங்கிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தில் ரயிலில் போய்விடலாம்.

சரி, வேறு என்னென்ன உண்டு? கனகபுரா ரோட்டில் வாழும் கலை ஆசிரமம். ஜிகணியில் எஸ்-வியாசா, யோகாவுக்கென்றே நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அதைக் கட்டியெழுப்பிய எச்.ஆர். நாகேந்திரா இந்திய அறிவியல் கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்து, நாசாவில் வேலை பார்த்துத் திரும்பியவர். சிக்கபள்ளாபுராவில் 2023 ஜனவரி முதல் 112 அடி ஆதியோகி சிலை. மூன்றுமே நல்ல இடங்கள், மூன்றுமே மூன்று மூலைகளில். 2022ஆம் ஆண்டு டாம்டாம் நிறுவனக் கணக்குப்படி பெங்களூர் நகர மையத்தில் பத்து கிலோமீட்டர் கடக்க சராசரியாக 29 நிமிடம் 10 வினாடி. உலகத்திலேயே இரண்டாவது இடம்; முதலிடம் லண்டனுக்கு. எனவே ஜெயநகரிலிருந்து ஜிகணிக்குப் போய் முதுகை நிமிர்த்திக்கொண்டு திரும்புகிறவர், பன்னேருகட்டா ரோட்டிலேயே அதை மறுபடி வளைத்துக்கொண்டுவிடுவார். வீட்டுக்குப் பக்கத்திலேயே போகலாம் என்றால் செயலிகள் இருக்கின்றன. ஃபிளிப்கார்ட்டிலிருந்து வெளியே வந்த இருவர் 2016இல் இதே ஊரில் தொடங்கியதுதான் இன்றைய கல்ட்ஃபிட். அங்கே வகுப்புக்கு வெயிட்டிங் லிஸ்ட் உண்டு. மூச்சை இழுத்து விடுவதற்கு வெயிட்டிங் லிஸ்ட்!

ஆனால் வகுப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் எல்லோரும் செய்யும் காரியம் ஒன்று உண்டு. மேட் வாங்குவது.

மேட் விஷயத்தில் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. பதஞ்சலியின் சுமார் 195 சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றியவை மூன்றே மூன்று. அந்த மூன்றிலும் மேட் கிடையாது. கீதையில் தியானத்துக்கு உட்காரத் தர்ப்பை, மான்தோல், துணி என்று வருகிறது. எத்தனை மில்லிமீட்டர் என்று பகவான் சொல்லவில்லை. ஐயங்காரிடம் படித்த ஆஞ்சலா ஃபார்மர் என்ற ஆசிரியை, ஜெர்மனியில் தரைக் கம்பளத்துக்கு அடியில் போடும் நுரைத்தாளைக் கண்டார். கால் வழுக்காமல் இருக்க அதை வெட்டி விரித்தார். அது 1980களில் விற்பனைப் பண்டமாயிற்று. கம்பளத்துக்கு அடியில் கண்ணில் படாமல் கிடந்திருக்க வேண்டிய சரக்குக்கு இன்று நாலு மில்லிமீட்டரா ஆறு மில்லிமீட்டரா, டிபிஇயா பிவிசியா, கார்க்கா அசல் ரப்பரா என்று ராத்திரி ஒரு மணி வரை ரெவ்யூ படிக்க வேண்டியிருக்கிறது. "மூன்று மாதமாக உபயோகிக்கிறேன், புதுசு போலவே இருக்கிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். இருக்கத்தானே செய்யும்!

வாங்கிய பிறகுதான் மேட்டின் உத்தியோகம் தொடங்குகிறது. கட்டுரையாளர் வீட்டில் மூன்று உண்டு. நீல நிற மேட் முதல் வருஷம் பீரோவுக்குப் பின்னால் சுருண்டு நின்றது. பிறகு மொட்டை மாடியில் மிளகாய் வற்றலுக்கும் ஜவ்வரிசி வடாமுக்கும் கீழே போயிற்று. ஓலைப் பாயைவிட மேல் என்று வீட்டு அம்மாள் அபிப்பிராயம். வடாம் ஒட்டாது, ஆறு மில்லிமீட்டர் என்பதால் தளத்துச் சூடும் ஏறாது. பச்சை நிறத்தது வாஷிங் மெஷினுக்கு அடியில் பாதி, கேஸ் சிலிண்டருக்கு அடியில் வட்டமாகப் பாதி. சிலிண்டர் போட வருகிற பையன் "சூப்பர் ஐடியா சார்" என்றான். தன் வீட்டு மேட்டை நாய்க்குப் போட்டிருக்கிறானாம். மூன்றாவது கார்க். விலையைச் சொன்னால் வீட்டில் படிப்பார்கள் என்பதால் சொல்வதற்கில்லை. அது கொஞ்ச நாள் மெய்யான யோகாவுக்கு விரிக்கப்பட்டது. பிறகு கும்பகோணத்திலிருந்து விருந்தாளிகள் வந்தபோது தலையணையோடு சித்தப்பாவுக்குப் போயிற்று. "இதென்னடா, வைக்கோல்ல படுத்த மாதிரி" என்று காலையில் புகார் சொன்னவர், ஊருக்குக் கிளம்பும்போது அதைச் சுருட்டிக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். இப்போது அது கும்பகோணத்தில் ஊஞ்சல் பலகைமேல் இருப்பதாகக் கேள்வி.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பால்கனியை அண்ணாந்து பார்த்தாலே தெரியும். ஒரு வீட்டில் துளசித் தொட்டிக்கு நிழல், ஒரு வீட்டில் புறா வராமல் இருக்க மறைப்பு, ஒரு வீட்டில் குழந்தையின் சைக்கிளுக்குப் போர்வை. ஜூன் 21 யோகா தினத்துக்குக் கம்பெனிகள் கொடுக்கும் மேட் கொஞ்சம் மெல்லிசு. அது ஸ்கூட்டர் சீட்டுக்கு ஆகும். கூடவே கொடுக்கும் டி-ஷர்ட்டை எச்.ஆர்.காரர்கள் குரூப் போட்டோ எடுத்த கையோடு தரை துடைக்க எடுத்துக்கொண்டுவிடலாம்.

எங்கே விட்டோம்? வகுப்பு. விலை.

2025 செப்டம்பர் 22 முதல் ஜிம், யோகா மையங்களுக்கான ஜி.எஸ்.டி. பதினெட்டு சதவீதத்திலிருந்து ஐந்தாகக் குறைந்தது. நிர்வாகத்துக்கு உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது என்பது உபரித் தகவல். இதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டுரையாளர் ஒரு ஸ்டூடியோவில் போய் நின்றார். வரி குறைந்தது, மொத்தத் தொகை ஏன் குறையவில்லை? "டேக்ஸ் குறைஞ்சிருக்கு சார். பேஸ் பிரைஸ் ரிவைஸ் ஆயிருக்கு." சொன்ன பையனின் முகத்தில் அப்பியிருந்த சாந்தத்தைப் பார்த்தால் அவன் மட்டும் தினமும் ஒழுங்காக யோகா செய்கிறான் என்று தோன்றியது.

அந்த ஸ்டூடியோ ஒரு தர்ஷினி ஓட்டலுக்கு நேர்மேலே. டிரையல் கிளாஸ் அங்கேதான். ஆசிரியர் முப்பதை எட்டாதவர்; சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்துவிட்டு இதற்கு வந்தவர். குரல் மட்டும் இமயமலையிலிருந்து வந்தது. முன்வரிசையில் ஒருவர் குனிவதும் கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் விளக்கை அணைத்து எல்லோரையும் சவாசனத்தில் கிடத்தி, "உங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்று கேளுங்கள்" என்றார் ஆசிரியர். உடம்பு பேசுவதற்குள் கீழேயிருந்து குரல் வந்தது: "ஒந்து செட் தோசே, எரடு பை டூ காஃபி!" கூடவே தோசைக்கல்லில் நெய் இறங்கும் வாசனை. பக்கத்துப் பாயில் கிடந்த பிணம் எச்சில் விழுங்கியது. அந்தத் தர்ஷினிக்காரர் மாடிக்காரருக்கு வாடகையில் பங்கு கொடுக்க வேண்டும். வகுப்பு முடிந்து இறங்கியவர்களில் ஒருவர்கூட அதைத் தாண்டிப் போகவில்லை. வெறும் வயிறு வெறும் வயிறு என்று இவர்கள் அடித்துக்கொள்வது யாருடைய லாபத்துக்கு என்று அப்போதுதான் புரிந்தது.

பைசா வாங்காத வகுப்பும் ஊரில் உண்டு. பூங்காக்களிலும் கல்யாண மண்டபங்களிலும் காலை ஐந்தரைக்கே தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெங்களூர் மத்தியதர வர்க்கம் இதை நம்புவதில்லை. காசில்லாமல் இடுப்பு வலி எப்படிப் போகும்? கட்டுரையாளரும் பூங்காவுக்குப் போய்ப் பார்த்தார், மதில் ஓரம் நின்றபடி. அறுபதைத் தாண்டிய முப்பது நாற்பது பேர். வேட்டியை மடித்துக் கட்டியவர், குரங்குக் குல்லாய்க்காரர், புடவைமேல் ஸ்வெட்டர் போட்ட பாட்டிகள். பழைய ஜமக்காளம், பெட்ஷீட், ஒருவருக்கு மட்டும் எலெக்ஷன் ஃபிளெக்ஸ். வேட்பாளரின் நெற்றிமேல் அவர் சர்வாங்காசனத்தில் நின்றார். கன்னடத்தில் "ஒந்து, எரடு" என்று எண்ணினார்கள். மறுபக்கம் சிரிப்பு யோகா கோஷ்டி, காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது. மும்பையில் டாக்டர் மதன் கட்டாரியா 1995இல் ஆரம்பித்து வைத்தது. கட்டுரையாளரைப் பார்த்து இரண்டு பேர் கூடுதலாகச் சிரித்ததாக அவருக்குத் தோன்றியது. இதிலெல்லாம் சேர வேண்டுமென்றால் காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆட்சேபம் எதுவும் சொல்வதற்கில்லை.

வகுப்பு கலைந்ததும் எச்.எம்.டி.யில் ரிட்டயரான ஒரு பெரியவர், ஜமக்காளத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி வந்தார்.

"என்ன சார், இடுப்பா?"

"எப்படித் தெரிஞ்சது?"

"நிக்கறதுலயே தெரியுதே. நாலாவது பிளாக்ல ஒரு கிளாஸ் இருக்கு, போய்ப் பாருங்க. மூணாவது மாடி, ஏசி எல்லாம் உண்டு. ரொம்ப நல்லா சொல்லித் தராங்களாம். என் பையன் சியாட்டில்ல இருந்தே எனக்கு வருஷ பேக்கேஜ் கட்டிட்டான்."

"அப்புறம் நீங்க இங்க?"

"லிஃப்ட் வேலை செய்யல. நான் போறதே முழங்கால் வலிக்கு. அதை வச்சுக்கிட்டு மூணு மாடி எங்க ஏறறது?"

"எப்போ ரிப்பேர் ஆச்சு?"

"பணம் கட்டின மறுநாள்."

கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார். "நான் சொன்னேன்னு சேருங்க சார். ஆள் சேர்த்துவிட்டா எனக்கு ஒரு மாசம் எக்ஸ்டென்ஷன் தராங்க. அதுக்குள்ள லிஃப்ட் சரியாயிடும்."