ஹாலே மைதானம்

ஐப்பசி மழையில் ஒரு நாள் விடிந்தும் விடியாமலும், மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுவிட்டார் என்று செய்தி வரும். அதுவரை உலுக்கினாலும் எழாத பிள்ளை கட்டிலிலிருந்து ஒரே குதியாகக் குதித்து இறங்கும். அன்றைய முதல் உடற்பயிற்சி முடிந்தது. மிச்சத்துக்குத்தான் இந்த வழிகாட்டி.

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டே, 3, 4 வயதுக்காரர்களுக்கு 180 நிமிட அசைவு வேண்டும் என்று சொல்லிவிட்டது. நாலு வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். இரண்டு இட்லி ஊட்டி முடிப்பதற்குள் பாதிக் கணக்கு தீர்ந்துவிடும், ஊட்டுகிறவருக்கும் சேர்த்து.

முதலில் இடம். டீப்பாயைச் சுவரோரம் தள்ளுங்கள். பால்கனிக் கதவைத் தாழ்ப்பாள் போடுங்கள். கிரில் பக்கத்தில் ஸ்டூல், நாற்காலி எதுவும் இருக்கக் கூடாது. அடுப்படிக்குள் ஆட்டம் கிடையாது. இந்த மூன்றிலும் வேடிக்கைக்கு இடமில்லை. டிவியை எங்கே நகர்த்தினாலும் பந்து அங்கேதான் போகும் என்பதால், நகர்த்த வேண்டியது டிவியை அல்ல, பந்தை. ஜோடி தொலைந்த சாக்ஸ்களைச் சுருட்டிக் கொடுத்துவிடுங்கள்.

பாண்டி ஆடச் சாக்பீஸ் தேவையில்லை. இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் போட்ட வீட்டில் கட்டம் தயாராகவே இருக்கிறது. சில்லுக்குத்தான் பஞ்சம். ஹார்லிக்ஸ் மூடியை எடுத்துக்கொள்ளலாம். தெருவில் போட்ட இடத்தில் கிடக்கும் சில்லு, டைல்ஸில் வழுக்கிக்கொண்டு நேரே ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்ச் சேரும். பதற வேண்டாம், ஆட்டத்தின் சிறந்த பகுதியே இனிமேல்தான். பிள்ளை குப்புறப் படுத்து, கன்னம் தரையில் பட, ஸ்கேலை உள்ளே விட்டுத் துழாவும். முதலில் ஒரு பேனா மூடி வரும், பிறகு காய்ந்த கறிவேப்பிலை, பிறகு தூசி அப்பிய இரண்டு ரூபாய். ஹார்லிக்ஸ் மூடி கடைசியில்தான் வரும். கை, தோள், வயிறு எல்லாவற்றுக்கும் வேலை. ஃப்ரிட்ஜுக்கு அடியும் சுத்தம்.

கல்லா மண்ணாவுக்கு சோஃபா கல், தரை மண். சோஃபாவின் ஸ்பிரிங்கைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் பாய் விரித்து அதைக் கல் என்று அறிவிக்கலாம். பிள்ளைகள் ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

கண்ணாமூச்சியில் பெரியவர்கள் எப்போதும் ஒளிகிற பக்கம் இருக்க வேண்டும். உகந்த இடம் கட்டில், போர்வைக்குள். நூறு வரை எண்ணச் சொல்லுங்கள்; இங்கிலீஷில் எண்ணினால் தமிழிலும் ஒரு முறை. பாதித் தூக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டால் குறட்டையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி, கீழ் வீட்டுக்காரர். குழந்தைகள் விளையாடுவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை, மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை தவிர. இதை அவர் உங்களிடம் நேரில் சொல்ல மாட்டார்; அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில், பெயர் குறிப்பிடாமல், கை கூப்பும் படத்தோடு போடுவார். அந்த இரண்டு மணி நேரத்துக்கு நொண்டி, தவளைப் பாய்ச்சல், ஸ்கிப்பிங் மூன்றும் தடை. பதிலுக்கு நண்டு நடை: உட்கார்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, ஹாலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை. சத்தமே வராது, வேர்த்துக் கொட்டும். மின்விசிறியை அணைத்துவிட்டு பலூன் தட்டும் ஆட்டமும் இதே ரகம். தரையில் விழவிடக் கூடாது என்பது ஒன்றே விதி. பலூன் வெடித்தால் மட்டும் குழுவில் உடனே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

எதற்கும் அசையாமல் செல்போனோடு சுருண்டு கிடக்கும் பிள்ளைக்கும் வழி இருக்கிறது. விளையாட வா என்று கூப்பிட்டால் வராது. "எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கலாம், வா" என்று கூப்பிடுங்கள். ஹால், பெட்ரூம், கட்டிலைச் சுற்றி மறுபடி ஹால் என்று அது எடுக்கும் ஓட்டத்தை எந்தக் கோச்சும் சொல்லிக்கொடுக்க முடியாது. துரத்துகிற உங்களுக்கும் லாபம்தான். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்று அதே நிறுவனம் சொல்லியிருக்கிறது. எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் ஓடுவதற்கு முன் உயரத்தில் வைத்துவிடுங்கள். டைல்ஸில் கொட்டிவிட்டால் அடுத்து மாப் போடும் பயிற்சி, அதற்கு ஆள் நீங்கள் ஒருவர்தான்.