மருமவன் காருக்கு மாமன் சொன்ன புத்தி

வாப்பா மருமவனே. ஹாரன் சத்தம் கேட்டதும் வலை பொத்துறத அப்படியே போட்டுட்டு எழுந்து வந்தேன். நம்ம ஊரு தோணிரேவுல தோணி வந்தா எவனும் எட்டிப் பாக்குறதில்ல, கார் வந்தா தெருவே வருது. புது வண்டியா? எட்டு மாசம் ஆச்சா! நான் இன்னிக்குக் காலையிலதான் எடுத்துக்கினு வந்தியோன்னு நெனச்சேன். கதவு ஓரத்துல கம்பெனிக்காரன் ஒட்டின வெள்ளை பிளாஸ்டிக்கு அப்படியே இருக்குது. பானெட்டுல பாதி இருக்குது, பாதி காத்துல பட்டம் உடுது. சீட்டுல பாலித்தீன் கவரு. எங்கக்கா கீழ எறங்கினா கவரும் அவ முதுகோடவே எறங்குது.

ஷோரூம்ல உரிக்க வந்த பையன் கையப் புடிச்சு, "இருக்கட்டும் தம்பி"ன்னியாமே? கெட்டிக்காரன். கூறைப்புடவைய கடைக்காரன் குடுத்த கவரோட கட்டிக்கச் சொன்னா உம் பொண்டாட்டி கட்டிப்பாளா, கேட்டுப் பாரு. கேக்கும்போது கொஞ்சம் தள்ளி நின்னுக்கோ.

எண்ணூர் காமராஜர் துறைமுகத்துல கப்பலேற நிக்கிற காருங்களப் பத்திக் கேள்விப்பட்டிருப்ப. ஃபேக்டரியில கெளம்பி, லாரியில தூசி தின்னு, கடல்ல உப்புக்காத்து குடிச்சு, போற ஊர்ல எறங்குற வரைக்கும் கீறல் படக்கூடாதுன்னு ஒட்டுறதுதான் அந்த வெள்ளைத் தோலு. வழித்துணைப்பா அது. வழித்துணைக்கு வந்தவன வூட்டோட வச்சுக்கினா சும்மா இருப்பானா? சில மாசம் தாங்குற மாதிரிதான் அதுல பசை வைக்கிறான். அதுக்கு மேல வெயில்ல வெந்தா பசை பெயின்ட்டோட இறுகிக்கும், பிளாஸ்டிக்கு நொறுங்கும், உரிச்சா நகத்தளவு நகத்தளவா வரும். தூக்கின ஓரத்துல தூசியும் ஈரமும் பூந்துக்கும். அப்புறம் மூடின எடம் ஒரு நெறம், மூடாத எடம் ஒரு நெறம். சித்திரை வெயில்ல பனியன் போட்டுக்கினு வலை இழுத்தவன் முதுகப் பாத்திருக்கியா? அதான்.

சரி, அத உரிச்சிட்டு லட்ச ரூவாக்கு பிபிஎஃப், அதான் பெயின்ட்டக் காக்குற ஃபிலிமு, ஒட்டலாமான்னு கேக்குற. அது வேற ரகம், கொறை சொல்ல மாட்டேன். வியட்நாம் சண்டையில ஹெலிகாப்டர் றெக்கைய மணலு அரிக்காம இருக்க அமெரிக்காக்காரன் ஒட்டின சமாச்சாரத்தோட வாரிசு. பாலியூரிதேன்னு பேரு. கனம் கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர். காரு பெயின்ட்டு எல்லா அடுக்கும் சேத்தாலும் ஏறக்குறைய அதுல பாதிதான் வரும். ஒடம்ப விட சட்டை கனம்! நல்ல ஃபிலிம்ல சின்னக் கீறலு சூடு பட்டா தானா மறஞ்சிடும். லாரி சக்கரத்துல தெறிக்கிற கல்லத் தாங்கும். கொக்கும் கூழைக்கடாவும் மேல போட்டுட்டுப் போற எச்சம் பெயின்ட்ட அரிக்கும், அதையும் தாங்கும். ஆனா அதுக்கும் ஆயுசு உண்டு. மஞ்சளாவும், ஓரம் தூக்கும், அன்னிக்கு உரிக்கக் கூலி தனி. கண்ணாடியில கறுப்பு ஃபிலிம் ஒட்டாதேன்னு 2012-ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிச்சே, அது வேற, பயந்துக்காத.

எனக்குச் சிரிப்பு எங்க வருதுன்னா, நம்ம ஊர்ல காருக்கு எமன் மேல இருந்தா வர்றான்? பழவேற்காட்டு ஏரித்தண்ணி உப்பு, காத்து உப்பு, ரோட்டுல தேங்குற மழைத்தண்ணியும் பாதி நாளு உப்பு. அது சக்கரத்து மேல இருக்கிற வளைவுல, கதவுக்குக் கீழ, வெல்டிங் வச்ச இடுக்குல போய் குந்திக்கினு துரு புடிக்க வைக்கும். நீ லட்ச ரூவாக்கு ஃபிலிம் ஒட்டுறது கூரையில. கால்ல முள்ளு குத்தினவன் தலைக்கு எண்ணெய் வச்ச கதை.

மரத்தோணிக்கு மீன் எண்ணெய் பூசுனோமே, அது மட்டும் என்னான்னு கேப்ப. கரையில ஏத்தி, கவுத்துப் போட்டு, ஒட்டின சிப்பியச் சுரண்டி, நல்லாக் காய வச்சுத்தான் பூசுவோம். முக்கியமா அடிப்பக்கம். ஈரத்து மேல பூசுனா பலகை உள்ளுக்குள்ளயே உளுத்துடும். பூசுறதோட முடியல, திரும்பத் திரும்ப ஏத்திப் பாக்கணும். நீ எட்டு மாசத்துல ஒரு தடவையாவது வண்டிக்கு அடியில குனிஞ்சு பாத்தியா? தொப்பை உடலியா?

பழவேற்காட்டுல டச்சுக்காரன் கல்லறை வாசல்ல கல்லுல ரெண்டு எலும்புக்கூடு நிக்குதே. முன்னூறு வருஷத்துக்கு மேல இதே உப்புக்காத்து. தோலே இல்லாம நிக்குது பாவம், எந்தக் கம்பெனிக்காரனும் அதுங்களுக்கு கோட்டிங் அடிக்கல.

இப்ப செய்ய வேண்டியதச் சொல்றேன். நாளைக்குக் காலையில எளவெயில் ஏறினதும், வெதுவெதுப்பான தண்ணியில துணி நனைச்சு அந்த வெள்ளைத் தோலு மேல போடு. ஓரத்துல புடிச்சு, பெயின்ட்ட ஒட்டினாப்புல படுக்க வச்சு மெதுவா இழு. கத்தி வைக்காத, பிளேடு வைக்காத, அவசரப்படாத. நிக்கிற பசைக்குத் தேங்காயெண்ணெய் தடவி ஊற வச்சுத் தொட. அடிப்பக்கம் நல்ல தண்ணி பீச்சிக் கழுவு, வாரம் ஒருக்கா. அப்பவும் செலவு பண்ணக் கை அரிச்சா, மூக்குக்கும் பானெட்டுக்கும் மட்டும் அந்த ஃபிலிம ஒட்டு, போதும்.

அப்புறம் நாளைக்கு மத்தியானம் பொன்னேரிக்குப் போவணும், முன் சீட்டு எனக்கு. வேட்டி ஒட்டிக்கும், கவரப் பிரிச்சு வை.