ரஹீமுக்கு யார் அப்பா?

கேள்வி: டி.வி.யில் 'பாவ மன்னிப்பு' பார்த்து என் மாமியார் ஒரே அழுகை. இந்துவாகப் பிறந்த குழந்தையை ஒரு முஸ்லிம் மகனாக வளர்க்கிறாரே, நிஜத்தில் சட்டம் விடுமா?
- வாசகி, சாத்தூர்

பதில்: அழுதுகொண்டே காராச்சேவு கொறிக்க முடிகிறது என்றால் அது இயக்குநர் பீம்சிங் படம்தான். ஆனால் படம் வந்த 1961-ல் சட்டம் அழவில்லை. 1956-ம் வருடச் சட்டப்படி இந்துக் குழந்தையை இந்துதான் தத்தெடுக்கலாம். மற்றவர்களுக்கு 1890-ல் வெள்ளைக்காரன் போட்ட காப்பாளர் சட்டம்தான் கதி. ஆகவே சிவாஜியை ரஹீமாக வளர்த்த பெரியவர் அதிகபட்சம் ஒரு கார்டியன், அப்பா அல்ல! வில்லன் எம்.ஆர்.ராதா காதில் இது விழுந்திருந்தால் நேரே கோர்ட்டுக்குப் போயிருப்பார். படமும் இன்னும் நாலு ரீல் நீண்டிருக்கும்.

எந்த மதத்தவரும் சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2014-ல். பீம்சிங்கைவிட 53 வருடம் லேட். போகட்டும், தீர்ப்பு வந்ததே! ஆனால் ஒன்று: இன்று அனாதையாய்க் கிடக்கும் குழந்தையைத் தூக்கினால் தாலாட்டுப் பாட நேரமில்லை. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தியாக வேண்டும்.